வீடற்றவர்களுக்குச் சாப்பாடு கொடுத்தால் போதாதா, தேவாலயம் ஏன் அவர்களோடு தோட்டம் செய்ய வேண்டும்?

கேள்வியில் இரண்டு சந்தேகங்கள் இருக்கின்றன. பசித்து வருபவரின் கையில் மண்வெட்டியைக் கொடுப்பது முறையா என்பது ஒன்று. தோட்டத்தைக் காட்டி மதம் மாற்றுகிறார்களா என்பது மற்றது. நான் விவசாயப் போதனாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். திருகோணமலை நகரத்தில் எங்கள் சிறிய சபை, தேவாலய வளவின் பின்பக்கத்தில் சும்மா கிடந்த இருபது பேர்ச் மணல் காணியில், பஸ் நிலையத்திலும் கடைத் தாழ்வாரங்களிலும் படுத்தெழும்புகிறவர்களோடு சேர்ந்து மரக்கறித் தோட்டம் செய்கிறது. அந்த அனுபவத்தை வைத்தே பதில் சொல்கிறேன்.

முதலாவது சந்தேகம் எனக்கும் இருந்தது. பிரித்தானியர் 1841 இல் இங்கே கொண்டுவந்த அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம், உடலில் பலம் இருந்தும் வேலை செய்யாமல் பிச்சை எடுப்பவரைக் குற்றவாளியாகவே பார்த்தது. இரட்சணிய சேனை என்ற கிறிஸ்தவ அமைப்பைத் தொடங்கிய வில்லியம் பூத், 1891 இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் உள்ள ஹாட்லீயில் பண்ணை நிலம் வாங்கி, லண்டன் தெருக்களில் வேலையும் இருப்பிடமும் இல்லாமல் நின்றவர்களை அங்கே கொண்டுபோய் விவசாயம் பழக்கினார். நல்ல நோக்கம்தான், ஆனால் அங்கே படுக்கையும் சாப்பாடும் உழைப்புக்கு ஈடாகவே கிடைத்தன. எங்கள் சபையிலும் ஒருவர், வேலை செய்ய மனதில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்று வேதாகமத்தில் பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதியதை எடுத்துக் காட்டினார். பவுல் அதை எழுதியது, சபைக்குள்ளேயே இருந்துகொண்டு ஒழுங்கில்லாமல் திரிந்த சகோதரர்களைக் குறித்து. தெருவில் படுப்பவருக்கான வசனமாக அதைப் பிடித்துக்கொண்டால், நாங்களும் அந்த 1841 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பக்கம்தான் நிற்போம்.

ஆகையால் ஒரு முறையை வைத்துக்கொண்டோம். காலை ஆறு மணிக்கு முதலில் பாணும் சம்பலும் பிளேன்டீயும் கொடுக்கப்படும். அதற்குப் பிறகு விரும்பியவர் பாத்திக்கு வரலாம், விரும்பாதவர் போகலாம். சாப்பிட்டுவிட்டுப் போகிறவரைப் பார்த்து முகம் கோணக்கூடாது. சொல்ல எளிதான இந்தக் கடைசி விதியைப் பழக எனக்கே பல மாதங்கள் எடுத்தன.

அப்படியானால் தோட்டம் எதற்கு? அதற்கான விடையை எனக்குத் தந்தது எங்கள் மண். கரையோர வெண்மணல் ஊற்றிய தண்ணீரைப் பிடித்து வைத்திருக்காது, போட்ட பசளையும் தண்ணீரோடு கீழே போய்விடும். வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் என்னும் வறண்ட தென்மேல் காற்று அடிக்கும்போது காலையில் நனைத்த பாத்தி மத்தியானம் காய்ந்து கிடக்கும். ஆகவே மணலுக்கு ஒரே தடவையில் நிறையத் தண்ணீர் விடுவதால் பயனில்லை. சிறிது சிறிதாகக் காலையும் மாலையும் விட வேண்டும், ஒரு நாளும் தவறக்கூடாது. அலுவலகம் போகிற சபையாரால் அது முடியவில்லை. முடிந்தவர்கள், நாள் முழுக்கப் போக்கிடம் இல்லாதிருந்தவர்கள்தான். மீன்பிடித் தொழிலை விட்டு, வீட்டையும் விட்டு வந்த ஒரு ஐயா பயற்றைப் பாத்தியைப் பொறுப்பெடுத்தார். ஒரு நாள் நான் பூவாளியை எடுத்தபோது, “வையுங்கோ சேர், அதுக்கு எவ்வளவு வேணுமெண்டு எனக்குத்தான் தெரியும்” என்று தடுத்தார். பல ஆண்டுகள் அரசாங்கச் சம்பளத்தில் விவசாயம் போதித்தவனுக்கு அது சற்றுச் சுட்டது என்பதை மறைக்க மாட்டேன். சாப்பாட்டு வரிசையில் அவர் அந்தக் குரலில் பேசி நான் கேட்டதே இல்லை.

பிழைகளும் விட்டோம், பெரும்பாலும் என்னால். முதல் ஆண்டில் மிளகாயும் கத்தரியும் வைத்தேன். அவை காய்க்க இரண்டரை, மூன்று மாதங்கள் வேண்டும்; நட்டவர்களில் பாதிப்பேர் அதற்குள் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். நாளை எங்கே படுப்போம் என்று தெரியாத ஒருவரிடம் மூன்று மாதப் பயிரைக் கொடுத்தது என் தவறு. இப்போது புதிதாக வருபவருக்கு முளைக்கீரைப் பாத்தியைத்தான் கொடுக்கிறோம், மூன்று நான்கு கிழமைகளில் பிடுங்கலாம். தங்கிவிட்டால் வெண்டி, அதற்குப் பிறகுதான் மிளகாய். கூட்டுப்பசளையும் தும்புத்தூளும் கிளிசரிடியா இலையும் போட்டுப் போட்டு மணல் இப்போது கொஞ்சம் கறுத்திருக்கிறது. நகரத்துக்குள்ளேயே திரிகிற மான்களைப் பற்றி இந்த ஊரவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஓர் இரவில் படலையைத் திறந்து விட்டதால் இரண்டு பாத்தி பயற்றை போயிற்று.

வேலியோரத்து வரிசைகளை நாங்கள் அறுவடை செய்வதில்லை. வயலின் ஓரத்தை முழுவதும் அறுக்காமல் எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடச் சொல்லும், வேதாகமத்தின் லேவியராகமம் 19 ஆம் அதிகாரத்திலிருந்து எடுத்த வழக்கம் அது. அந்தப் பழைய மொழிபெயர்ப்பில் பரதேசி என்றால் அயல் தேசத்தான். இன்று அதை ஒரு வசைச் சொல்லாக்கி, அந்த வரிசையில் கீரை பிடுங்குகிறவர் மீதே வீசுகிறோம்.

மதமாற்றத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தோட்டத்தில் ஜெபமோ பிரசங்கமோ கிடையாது. ஞாயிறு ஆராதனைக்கு யாரையும் அழைப்பதில்லை, வருபவரைத் தடுப்பதுமில்லை. திருநீறு பூசிக்கொண்டு பாத்திக்கு வருகிறவரும் உண்டு, வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் போய்வருகிறவரும் உண்டு. இது ஊழியம் என்பதை நாங்கள் மறைக்கவும் இல்லை. கிறிஸ்துவின் பெயரால்தான் செய்கிறோம். ஆனால் கீரைக்கட்டுக்குள் துண்டுப்பிரசுரம் வைக்கலாம் என்று யோசனை வந்தபோது முதலில் எதிர்த்தவர் எங்கள் போதகர்.

தோட்டம் வீட்டைத் தராது என்பதையும் சொல்ல வேண்டும். 2023 இல் தொடங்கிய அஸ்வெசும என்ற அரசாங்க உதவிக் கொடுப்பனவுக்கு விண்ணப்பிக்க அடையாள அட்டை வேண்டும், அட்டைக்குக் கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல் வேண்டும், அதற்கு ஒரு விலாசம் வேண்டும். தாழ்வாரத்துக்கு விலாசம் இல்லை. போதகரோடு அலைந்து திரிந்து இதுவரை இரண்டு பேருக்குத்தான் அட்டை எடுத்துக் கொடுத்திருக்கிறோம். அவர்களில் ஒருவர் அந்தப் பயற்றைப் பாத்தி ஐயா. இப்போது வாடகை அறையில் இருக்கிறார், ஆனாலும் காலை ஆறு மணிக்கு வந்துவிடுகிறார்.

நீங்களும் சேர நினைத்தால், மாரி மழைக்கு முன் நாற்றுமேடை போடுகிற புரட்டாதி மாதத்தில் வாருங்கள். வரும்போது ஒரு மூட்டை தும்புத்தூள் கொண்டுவந்தால் உதவியாக இருக்கும்.