ஃபூரியர் ஒன்று போதாதா? இத்தனை உருமாற்றங்கள் எதற்கு?

கேட்டிருப்பவர் ஒரு பொறியியல் மாணவர். லாப்லாஸ், ஃபூரியர், இசட், வேவ்லெட் என்று அரையாண்டுக்கு ஓர் உருமாற்றம் வருகிறது, எல்லாவற்றிலும் அதே தொகையீடு, அதே அட்டவணை. ஃபூரியர் ஒன்றை ஒழுங்காகப் படித்தால் போதாதா என்பது அவருடைய கேள்வி.

போதாது. ஏன் என்று எனக்கும் படிக்கிற காலத்தில் தெரியாது. ஒரு ஒலிப்பதிவைத் திருத்த உட்கார்ந்தபோதுதான் விளங்கியது. அதையே சொல்கிறேன்.

நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன், வேலை மின்னணுவியல். என் பெறாமகளின் வாய்ப்பாட்டு அரங்கேற்றம் கொழும்பில் ஒரு மண்டபத்தில் நடந்தது. பதிவு என் பொறுப்பு. வீட்டுக்கு வந்து, காலி வீதியில் பஸ் சத்தம் அடங்கிய பிறகு ஹெட்ஃபோனைப் போட்டுக் கேட்டால், தம்புராவுக்குக் கீழே முழுக்க முழுக்க ஒரு ரீங்காரம். மண்டபத்து வயரிங்கில் எங்கோ பூமித்தொடுப்பு சரியில்லை. "சின்னம்மா, இதை எடுக்கேலாதோ?" என்று பிள்ளை கேட்டாள். எடுக்கலாம் என்று சொல்லிவிட்டேன். சொல்வது எளிது.

முதலில் ஓர் உருமாற்றம் என்ன செய்கிறது என்று பார்ப்போம். தொகையீட்டை மறந்துவிட்டு நான்கு எண்களை எடுங்கள்: 3, 5, 3, 1. இவற்றைக் கூட்டி 4 ஆல் வகுத்தால் 3. அது சராசரி. அடுத்து, இதற்குள் ஒரு சைன் அலை ஒளிந்திருக்கிறது என்று சந்தேகப்படுகிறேன். நான்கு புள்ளிகளில் அந்த சைன் 0, 1, 0, −1 என்று போகும். ஒவ்வொன்றாகப் பெருக்கிக் கூட்டுங்கள்: 5 − 1 = 4. அதன் பாதி 2. கோசைனைச் சந்தேகித்து 1, 0, −1, 0 ஆல் பெருக்கிக் கூட்டினால் 3 − 3 = 0, அது இல்லை. இன்னும் வேகமான 1, −1, 1, −1 ஐச் சந்தேகித்தால் 3 − 5 + 3 − 1 = 0, அதுவும் இல்லை. ஆக என் நான்கு எண்களும் சராசரி 3, அதன்மேல் உயரம் 2 உள்ள ஒரு சைன். அவ்வளவுதான். சந்தேகப்படுகிற வடிவத்தால் பெருக்கு, கூட்டு. கிடைப்பது அந்த வடிவம் எவ்வளவு இருக்கிறது என்ற பதில். உங்கள் பாடத்திட்டத்திலுள்ள எல்லா உருமாற்றமும் இதே வேலையைத்தான் செய்கிறது. எதைச் சந்தேகப்படுகிறோம் என்பதுதான் ஆளுக்கு ஆள் வேறு. அட்டவணையை மனப்பாடம் செய்வதற்கு முன் இப்படி எட்டுப் புள்ளிகளுக்காவது ஒருமுறை கையால் செய்துபாருங்கள் என்று யாரைக் கண்டாலும் கேட்டுக்கொள்கிறேன்.

ஜோசப் ஃபூரியர் இதற்கு வந்தது வெப்பம் எப்படிப் பரவுகிறது என்ற கேள்வியிலிருந்து. 1807 இல் பாரிஸ் அறிஞர் கழகத்தில் அவர் கட்டுரையைச் சமர்ப்பித்தபோது கணிதவியலாளர் லக்ராஞ்சு ஏற்கவில்லை. திடீரென உடைந்து குதிக்கும் வளைவைக்கூட மென்மையான சைன்களைக் கூட்டிக் கட்டலாம் என்பது அன்றைக்கு நம்பக்கூடிய பேச்சாக இல்லை. நூலாக வந்தது 1822 இல்.

இனி என் பதிவு. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ரீங்காரம் 50 இலும் அதன் மடங்குகளான 100, 150, 200 இலும் நிற்கும். பிள்ளையின் சுருதி ஐந்து கட்டை. அதாவது ஆதார சட்ஜத்தின் மீடிறன், இந்திய வாசகர்கள் அதிர்வெண் என்பார்கள், ஏறத்தாழ 196 ஹெர்ட்ஸ். ரீங்காரத்தின் 200 பக்கத்து வீட்டில் குடியிருக்கிறது. கொஞ்சம் அகலமாக வெட்டினாலும் சட்ஜம் போய்விடும், சட்ஜம் போனால் கச்சேரியே போய்விடும்.

வினாடிக்கு 44,100 சாம்பிள், அதாவது ஒலி அலையை அளந்த எண்கள், பதிவாகியிருந்தது. 1,024 சாம்பிள் எடுத்து ஃபூரியர் செய்தால் பக்கத்துப் பக்கத்து இரண்டு கோடுகளுக்கு இடையில் 43 ஹெர்ட்ஸ் தூரம். 196 உம் 200 உம் ஒரே மேடாகத்தான் தெரியும். 4 ஹெர்ட்ஸ் வித்தியாசத்தைப் பிரிக்க வேண்டுமென்றால் குறைந்தது கால் வினாடியாவது காது கொடுக்க வேண்டும். இதில் மென்பொருளின் திறமைக்கு இடமில்லை: இரண்டு அலைகள் ஒன்றையொன்று ஒரு முழுச் சுற்றாவது முந்தினால்தானே வேறு வேறு என்று தெரியும்? நான் 65,536 சாம்பிள் எடுத்தேன், ஏறத்தாழ ஒன்றரை வினாடி. இரண்டும் தனித்தனி ஊசிகளாக எழுந்து நின்றன. அவ்வளவு நீளத்தை நேரடியாகப் பெருக்கிக் கூட்டினால் சுமார் 429 கோடிப் பெருக்கல். ஜேம்ஸ் கூலியும் ஜான் டுக்கியும் 1965 இல் வெளியிட்ட வேக ஃபூரியர் முறையில் அது பத்தரை இலட்சத்துக்கு இறங்குகிறது. சிறுகோள்களின் பாதையைக் கணக்கிட்டுக்கொண்டிருந்த கணிதவியலாளர் காஸ் 1805 அளவிலேயே இந்த வழியைக் கண்டு எழுதிவைத்திருந்தார் என்பது எனக்கு இன்றைக்கும் சிலிர்ப்பூட்டும் செய்தி.

சுருதி பிரிந்தது, ஆனால் மிருதங்கம் குழம்பியது. ஒன்றரை வினாடிக்குள் எத்தனை சொற்கள், அதாவது மிருதங்க அடிகள், விழுகின்றன! ஒரே தடவையில் எடுத்த அந்த நீளத் துண்டுக்குள், சாளரம் என்பார்கள், எந்த அடி முதலில், எது பிறகு என்பது தெரிவதே இல்லை. சாளரத்தைக் குறுக்கினால் அடிகள் துலங்கும், சுருதி மங்கும். நீட்டினால் நேர்மாறு. இரண்டையும் ஒரே நேரத்தில் கூர்மையாக்க முடியாது என்பது கணிதத்திலேயே இருக்கிற எல்லை. ஒலிக்கு இதை 1946 இல் இயற்பியலாளர் டெனிஸ் காபோர் தெளிவாக எழுதினார். வேவ்லெட் பிறந்தது இங்கேதான். தாழ்ந்த மீடிறனுக்கு நீண்ட வடிவம், உயர்ந்ததற்குக் குட்டையான வடிவம் என்று அது சந்தேகத்தின் நீளத்தையே இடத்துக்கு இடம் மாற்றுகிறது. எல்லையை அது மீறுவதில்லை, எங்கே விட்டுக்கொடுப்பது என்பதைத்தான் நமக்குச் சாதகமாகப் பங்கிடுகிறது. இங்கிரிட் டோபஷீ 1988 இல் கொடுத்த வேவ்லெட்டுகள் கணினிக்கு மிக வசதியானவை.

மிருதங்கம் என்று வந்ததால் இதையும் சொல்லவேண்டும். சாதாரணமாக இழுத்துக் கட்டிய வட்டத் தோலைத் தட்டினால் மேற்றொனிகள் அடிப்படையின் 1.59, 2.14, 2.30 மடங்கு என்று ஒழுங்கில்லாமல் வரும். அதனால்தான் பெரும்பாலான பறைகளுக்குச் சுருதி கிடையாது. மிருதங்கத்தின் வலப்பக்கத் தோலான வலந்தலையில் நடுவே அப்பும் கரணை என்ற கருஞ்சாந்தின் பாரம் அவற்றை 1, 2, 3, 4, 5 என்ற முழு மடங்குகளுக்கு அருகே கொண்டுவந்து சேர்க்கிறது. சி. வி. ராமன் இதை ஆராய்ந்து 1920 இல் வெளியிட்டார். கணினி இல்லாத காலம். என் திரையில் அந்தச் சம இடைவெளி ஊசிகள் வரிசையாக எழும்பியதைப் பார்த்தபோது, எண் தெரியாமல் காதால் மட்டும் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்த கைவினைஞர்களை நினைத்து வெகுநேரம் அப்படியே இருந்தேன்.

லாப்லாஸுக்கு வருவோம். ஃபூரியர் சந்தேகிப்பது ஆதியும் அந்தமும் இல்லாமல் ஒரே உயரத்தில் ஒலிக்கும் அலையை. மிருதங்க அடி அப்படியல்ல, பிறந்து தேய்கிறது. கொள்ளளவியில் ஏறிய மின்னும் அப்படித்தான் வடியும். லாப்லாஸ் தேயும் அலைகளையும், வளரும் அலைகளையும் சேர்த்துச் சந்தேகிக்கிறது. எம்பிளிஃபையர் சுற்று ஒன்று தானாக ஊளையிடத் தொடங்குமா என்பதற்குப் பதில் அங்கேதான் கிடைக்கும்.

அதே கேள்வியைத் தொடர்ச்சியான அலைக்குப் பதிலாகச் சாம்பிள்களிடம் கேட்டால் இசட். ஒரு சாம்பிள் பின்னே தள்ளுவது அங்கே இசட்டால் ஒருமுறை வகுப்பதாக ஆகிவிடுகிறது, அதனால் வடிகட்டி கட்டுவது வெறும் அட்சரகணிதம். என் ரீங்காரத்தைக் கடைசியில் எடுத்தது இதுதான். இசட் தளத்தில் ஆரை 1 உள்ள வட்டத்தை வரையுங்கள். முழுச் சுற்று 44,100 ஹெர்ட்ஸ் என்றால் 200 ஹெர்ட்ஸ் இருப்பது 1.63 பாகையில். வட்டத்தின் மேலேயே அந்த இடத்தில் ஒரு பூச்சியம், அதாவது வடிகட்டி எதையும் வெளியே விடாத புள்ளி, வைத்தால் 200 அடியோடு செத்துவிடும். அக்கம்பக்கம் சாகாமலிருக்க, அதே கோணத்தில் வட்டத்துக்குச் சற்று உள்ளே ஒரு முனைவு, அதாவது வடிகட்டி பெருக்கிக் கொடுக்கும் புள்ளி. கீழ்ப்பாதியிலும் இதேபோல் ஒரு சோடி. முனைவின் ஆரை 0.99993 என்றால் வெட்டு 1 ஹெர்ட்ஸ் அகலம், 196 க்கு ஒன்றும் ஆகாது. முனைவு வட்டத்தைத் தாண்டி வெளியே போனால் வடிகட்டி தன் பாட்டில் பெருகிக் கத்தத் தொடங்கிவிடும்.

மின்சாரமும் சரியாக 50 இல் நிற்பதில்லை. பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையிலிருந்த அமைதியில் ரீங்காரத்தை மட்டும் அளந்து, ஒவ்வொரு உருப்படிக்கும் கோணத்தைத் திருத்தினேன்.

படங்களில் ஆளுவது கோசைன் உருமாற்றம். நசீர் அஹமட், நடராஜன், ராவ் மூவரும் 1974 இல் வெளியிட்டது. ஜேபெக் படம் ஒவ்வொன்றும் 8 க்கு 8 கட்டங்களாக அதற்குள்ளால் போகிறது. அதன் உறவுமுறை ஒன்றுதான் எம்பி3 இலும் இருக்கிறது. எனவே பிள்ளையின் பாட்டு கனடாவிலுள்ள பெரியம்மாவுக்குப் போய்ச் சேர்ந்ததும் ஓர் உருமாற்றத்தின் தோளில் ஏறித்தான்.

ஒரு விஷயம் மட்டும் கடைசிவரை மல்லுக்கட்டியது. 1 ஹெர்ட்ஸ் அகல வெட்டு, அடி ஒன்று விழுந்தபின் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்குத் தேயவே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வினாடி எடுக்கும். ஆலாபனையில் அது காதில் விழவில்லை. மிருதங்கம் தனித்து வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் மெல்லிய வால் ஒன்று ஒட்டிக்கொண்டது. மீடிறனில் கூர்மை கேட்டால் நேரத்தில் மங்கும் என்ற அதே எல்லை, இந்தமுறை வடிகட்டிக்குள்ளிருந்து. தனியில் பாட்டு இல்லை, சட்ஜத்தைத் தம்புரா மட்டுமே பிடித்துக்கொண்டிருந்தது. அந்தப் பகுதிக்கு மட்டும் வெட்டை 6 ஹெர்ட்ஸாக அகட்டினேன், முனைவு 0.99957. அப்படியும் அது 197 இலிருந்து 203 வரைதான். வால் போனது, தம்புரா மிஞ்சியது, கோர்வை ஒவ்வொரு சொல்லாகத் தெளிந்து விழுந்தது.