கை, கால் இல்லாமல் பிறந்த அயர்லாந்து ஜமீன்தார் ஆர்தர் கவனா எம்.பி. ஆனது உண்மையா? அவர் வாழ்க்கையிலிருந்து நாம் என்ன கற்றுக்கொள்ளலாம்?

முதல் கேள்விக்கு ஒரு வார்த்தைதான்: உண்மை. இரண்டாவது கேள்வியைப் பார்த்ததும்தான் வேலையை ஓரமாக வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

உங்கள் வீட்டில் நடக்கச் சிரமப்படும் ஒரு பிள்ளை இருக்கிறது, அதற்குக் காட்டத்தான் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் ஏதோ பள்ளிக்கூடத்தில் பேசக் கூப்பிட்டிருப்பார்கள். இரண்டில் எதுவானாலும் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். எனக்கு இடது காலில் இளம்பிள்ளைவாதம். இரண்டு வயதில் வந்தது. இடுப்புக்குக் கீழே தொடையிலிருந்து ஷூ வரைக்கும் கேலிப்பர், அதாவது காலைத் தாங்கிப் பிடிக்கிற கம்பிச் சட்டம். இந்தக் கவனா பற்றிய ஃபார்வர்டு வருஷத்துக்கு மூன்று நான்கு தடவை எனக்கு வந்துவிடும். அனுப்புகிறவர்கள் எல்லாம் இரண்டு காலும் நன்றாக இருக்கிற சொந்தக்காரர்கள். கீழே "இவரைப் பார், நீ எதுக்கும் கவலைப்படக் கூடாது" என்று ஒரு வரி இருக்கும். நான் என்றைக்குக் கவலைப்பட்டேன் என்று கேட்டால் பதில் வராது.

சரி, ஆள் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆர்தர் மக்மரோ கவனா 1831 மார்ச் 25 அன்று அயர்லாந்தின் கார்லோ மாவட்டத்தில் போரிஸ் என்ற ஊரில் பிறந்தார். சாதாரணக் குடும்பம் இல்லை. 12-ஆம் நூற்றாண்டில் அயர்லாந்தின் ஒரு பகுதியான லென்ஸ்டர் நாட்டை ஆண்டு, இங்கிலாந்தைப் பிடித்திருந்த நார்மன்களை அயர்லாந்துக்குள் கூப்பிட்டு வந்து கெட்ட பெயர் வாங்கிய டெர்மட் மக்மரோ என்ற அரசனின் வம்சம். அப்பாவும் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர். கார்லோ, கில்கெனி, வெக்ஸ்ஃபோர்டு என்று மூன்று மாவட்டங்களில் பல்லாயிரம் ஏக்கர். கவனா பிறக்கும்போதே கைகளும் கால்களும் மேலே சில அங்குலத்தோடு முடிந்திருந்தன. அப்பா சீக்கிரமே போய்விட்டார். வளர்த்தது அம்மா, ஹேரியட் சீமாட்டி. அந்த அம்மாவும் பாக்ஸ்வெல் என்ற டாக்டரும் சேர்ந்து, மற்றப் பிள்ளைகளை எப்படி வளர்ப்போமோ அப்படியே இவனையும் வளர்ப்பது என்று முடிவெடுத்தார்கள். நாற்காலி மாதிரி ஒரு சேணம் செய்து, அதில் வாரால் கட்டிக் குதிரை மேல் உட்காரவைத்தார்கள். கடிவாளத்தைக் கைத்தண்டுகளில் சுற்றிக்கொண்டு ஓட்டினார். மீன் பிடித்தார், துப்பாக்கி சுட்டார், படம் வரைந்தார், பேனாவை இரண்டு தண்டுகளுக்கும் நடுவில் பிடித்துத் தெளிவாக எழுதினார்.

ஃபார்வர்டு இந்த இடத்தில் நின்றுவிடும், கீழே கும்பிடு போடுகிற பொம்மை ஒன்று இருக்கும். எனக்குப் பிடித்த கவனா இதற்கு அப்புறம்தான் வருகிறார்.

18 வயதில், பண்ணையில் இருந்த பெண்களோடு அவருக்குப் பழக்கம் என்று அம்மாவுக்குத் தெரியவந்தது. உடனே அண்ணனோடும் ஒரு பாதிரியார் வாத்தியாரோடும் சேர்த்து நாட்டை விட்டே அனுப்பிவிட்டார். ஸ்வீடன், ரஷ்யா, பாரசீகம் என்று சுற்றி இந்தியா வந்து சேர்ந்தார்கள். கூட வந்த அண்ணன் நோயில் இறந்துபோக, கையில் 30 ஷில்லிங்கோடு தனியாக நின்றார் என்று சொல்வார்கள். ஔரங்காபாத் பக்கம் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் குதிரையில் கடிதம் கொண்டுபோகும் வேலையில் சேர்ந்தார்! அப்புறம் புனேயில் நில அளவைத் துறையில் வேலை. "தன்னம்பிக்கைச் சிகரம்" என்று அனுப்புகிறவர்கள் அந்தப் பழக்கம் பற்றி மட்டும் மூச்சு விட மாட்டார்கள். கால் ஊனமானவன் என்றால் சாமியாராகத்தான் இருக்க வேண்டும் போல.

இப்போது என் கதை. ஏன் சொல்கிறேன் என்று போகப் போகத் தெரியும்.

எட்டாம் வகுப்பில் கணக்கில் நான்தான் முதல். ஆண்டுவிழாவில் பரிசு. மேடைக்கு ஐந்து படி. முந்தின நாள் சாயங்காலம் பந்தல் போடுகிறவர்கள் டீ குடிக்கப் போன நேரத்தில் நானும் அம்மாவும் போய், அந்த ஐந்து படியையும் நாலு தடவை ஏறிப் பார்த்தோம். ஓரத்தில் ஒரு சவுக்குக் கம்பு நட்டிருந்தது. அதை இடது கையால் பிடித்து, நல்ல காலை முதலில் வைத்து, கேலிப்பர் காலைச் சுழற்றி எடுத்து வைத்தால் ஏறிவிடலாம். முட்டியில் இருக்கிற பூட்டு நன்றாக இறங்கியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். மேடை மேல் போய்க் கும்பிடு போடுகிற மாதிரிகூட அம்மா செய்து பார்க்கச் சொன்னாள்.

விழா அன்று பெயர் கூப்பிட்டார்கள். மைக்கில் கணக்கு என்ற சொல்லே வரவில்லை. "ஊனத்தை வென்ற நம் மாணவச் செல்வம்" என்றார்கள். நான் கம்பைப் பிடிக்கக் கையை நீட்டுவதற்குள், பின்னால் இருந்து பி.டி. வாத்தியார் வந்து இரண்டு அக்குளிலும் கையைக் கொடுத்து நெல் மூட்டையைத் தூக்குகிற மாதிரி தூக்கி மேடையில் வைத்துவிட்டார். தூக்கிய வேகத்தில் பூட்டு விலகி முட்டி மடங்கிவிட்டது. சிறப்பு விருந்தினர் என்னைத் தாங்கிப் பிடித்தார். கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல். அது யாருக்கு என்று இன்று வரை எனக்குச் சந்தேகம் உண்டு. வீட்டுக்கு வந்ததும் அம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "அஞ்சு படிதானேடா, நீ ஏறியிருப்பே."

அந்த வாத்தியார் நல்ல மனிதர். அவரைக் குறை சொல்லவில்லை. கமெண்டில் வந்து "உதவி செய்தவரையே திட்டுகிறாயா" என்று ஆரம்பிக்க வேண்டாம்.

கவனாவையும் வாழ்நாள் முழுக்க யாராவது தூக்கிக்கொண்டுதான் போனார்கள். வீட்டுக்குள் வேலைக்காரரின் முதுகில் போவார். நாடாளுமன்ற அவைக்குள் உறுப்பினர் அல்லாதவர் வரக் கூடாது என்ற விதியை அவருக்காகத் தளர்த்தினார்கள்; ஆள் ஒருவர் கொண்டுவந்து இருக்கையில் விட்டுப் போவார். ஆனால் எப்போது தூக்க வேண்டும், எங்கே இறக்க வேண்டும் என்று சொன்னது கவனா. எனக்கும் அவருக்கும் இருக்கிற முக்கிய வித்தியாசம் காலில் இல்லை, இங்கேதான் இருக்கிறது. அவர் சம்பளம் கொடுத்தார், அதனால் யாரும் கேட்காமல் அவர் மேல் கை வைக்கவில்லை. அந்தச் சம்பளம் எங்கிருந்து வந்தது? குத்தகைக்காரர்கள் கொடுத்த வாடகையிலிருந்து. அதே போரிஸில் கை கால் இல்லாமல் ஒரு குத்தகைக்காரர் வீட்டில் ஒரு பிள்ளை பிறந்திருந்தால், அதுவும் பஞ்ச காலத்துக்குக் கொஞ்சம் முன்னால், என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 1845-இல் உருளைக்கிழங்கில் நோய் விழுந்து, அடுத்த சில வருஷங்களில் அந்தத் தேசத்தில் சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள். கை கால் உள்ளவர்களே பிழைக்கவில்லை.

அதற்காக அவரைக் கொடுங்கோலன் என்று சொல்ல வரவில்லை. அண்ணன்கள் இறந்து 1853-இல் சொத்து கைக்கு வந்ததும் திரும்பி வந்து, போரிஸ் ஊரைத் திருத்திக் கட்டினார். குடியானவர்களுக்கான வீடுகளுக்குத் தானே படம் போட்டார். ரயில் வரப் பாடுபட்டார். கிரேக்கத்தின் கார்ஃபு தீவிலிருந்து அம்மா கொண்டுவந்த மாதிரிகளை வைத்து ஊர்ப் பெண்கள் லேஸ் பின்னினார்கள், அது போரிஸ் லேஸ் என்றே பெயர் வாங்கியது. 1855-இல் கவனா உறவுக்காரப் பெண்ணைத் திருமணம் செய்து பிள்ளைகுட்டிகளோடு இருந்தார். 1866-இல் வெக்ஸ்ஃபோர்டிலிருந்து எம்.பி. ஆனார். 1868-இலிருந்து 1880 வரை சொந்த மாவட்டமான கார்லோ. கன்சர்வேடிவ் கட்சி. குத்தகைக்காரர்களுக்குக் கொஞ்சம் பாதுகாப்புக் கொடுத்த 1870-இன் நிலச் சட்டத்தை ஆதரித்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும், ஜமீன்தார்களில் பலர் அதைக்கூடச் செய்யவில்லை.

நடுவில் ஒன்று சொல்லிக்கொள்கிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். ஐரோப்பாவிலிருந்து ஊருக்குப் போகிற விமானத்தில் வீல்சேர் வரிசையைப் பார்த்திருக்கிறீர்களா? பேரப்பிள்ளையைப் பார்க்க வந்து, மூன்று மாதம் தினமும் வாக்கிங் போய், கடையில் பத்துக் கிலோ பையைத் தூக்கிக்கொண்டு வந்த மாமாக்கள் எல்லாம் விமான நிலையத்தில் மட்டும் வீல்சேரில் உட்கார்ந்திருப்பார்கள். பாஷை தெரியாது, வழி தெரியாது, பிள்ளைகள் எழுதிக்கொடுத்துவிடுகிறார்கள், புரிகிறது. ஆனால் போன தடவை தள்ளுகிற ஆள் போதவில்லை என்று என்னை முக்கால் மணி நேரம் நிற்கவைத்துவிட்டு, அவர்களை ஏற்றினார்கள். பாதுகாப்புச் சோதனையில் என் கேலிப்பரைக் கழற்றச் சொன்னார்கள். தரை இறங்கியதும் அந்த மாமாக்கள் எழுந்து பெட்டி எடுக்க ஓடினார்கள். முடவர் நடக்கிற அதிசயம் நடக்கிற இடம் லூர்து மாதா கோயில் மட்டும் இல்லை.

சரி, கவனாவுக்கு வருகிறேன்.

வேலைக்காக டப்ளினில் இருக்கிறேன். இத்தனை ஃபார்வர்டு பார்த்தாயிற்று, ஊரையே பார்த்துவிடுவோம் என்று போன வருஷம் மகளைக் கூட்டிக்கொண்டு காரில் போனேன். கிளம்பும்போது அம்மாவுக்கு போன் போட்டு "போரிஸ் போறோம்மா" என்றேன். அவள் காதில் பாரிஸ் என்று விழுந்திருக்கிறது. ஸ்வெட்டர் எடுத்துக்கோ, கோபுரத்து மேலே ஏறாதே என்றாள். திருத்த நேரமில்லை.

போரிஸ் ஒரே ஒரு தெரு உள்ள ஊர் என்று சொல்லலாம். அந்தத் தெருவும் மேட்டில் ஏறுகிறது. ஒரு பக்கம் கருங்கல் வீடுகளும் கடைகளும், இன்னொரு பக்கம் ஜமீன் தோட்டத்தின் நீண்ட மதில், கோட்டை மாதிரி ஒரு வாசல். ஊர் முழுக்க இந்தப் பக்கம், ஒரு குடும்பம் அந்தப் பக்கம். தூரத்தில் லென்ஸ்டர் மலை. கீழே பள்ளத்தில் ரயில் பாலம் இருக்கிறது. பதினாறு வளைவு, ரயில் நின்று பல வருஷம் ஆகிவிட்டது. மேட்டில் ஏறும்போது மகள் என் கையைப் பிடிக்க வந்தாள். வேண்டாம் என்றேன். மூன்று இடத்தில் மதிலில் கையை ஊன்றி நின்றேன். அந்த மதிலுக்கு அவ்வளவு உபயோகமாவது இருந்தது.

மதிலில் சாய்ந்துகொண்டுதான் 1880 தேர்தலைப் பற்றி மகளுக்குச் சொன்னேன். அதுவரைக்கும் வராத ஒரு மாற்றம் 1872-இல் வந்திருந்தது: ரகசிய வாக்கெடுப்பு. அதற்கு முன்னால் ஓட்டை எல்லார் முன்னாலும் வாயால் சொல்ல வேண்டும். ஜமீன்தாரின் ஆள் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருப்பார். 1874-இல் கவனா சமாளித்துவிட்டார். 1880-க்குள் விளைச்சல் பொய்த்து, குத்தகைக்காரர்களின் நிலப் போராட்டம் தொடங்கி, அயர்லாந்துக்குச் சுயாட்சி கேட்ட கட்சி வலுத்துவிட்டது. கார்லோவில் கவனா தோற்றார். ஓட்டுப் போடுவதாக வாக்குக் கொடுத்த அவருடைய சொந்தக் குத்தகைக்காரர்களே எதிராகப் போட்டுவிட்டார்கள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை, கடிதத்தில் புலம்பியிருக்கிறார்.

எனக்கோ அந்தக் குத்தகைக்காரர்கள் மேல் ஒரு மரியாதை. ஐயோ பாவம், கை கால் இல்லாத மனிதர், எவ்வளவு போராடி வந்தவர் என்று ஒருவரும் ஓட்டுப் போடவில்லை பாருங்கள்! அவரை ஜமீன்தாராகப் பார்த்தார்கள், வாடகையைப் பார்த்தார்கள், தோற்கடித்தார்கள். அவர் வாழ்நாளில் அவரை முழு மனிதராக நடத்தியவர்கள் அம்மாவுக்கு அடுத்தபடி அவர்கள்தான் என்பேன். இதை எழுதினால் "தோல்வியைக் கொண்டாடுகிறான்" என்று யாராவது வருவார்கள், வரட்டும்.

அவரும் சும்மா இருக்கவில்லை. நிலப் பிரச்சினையை விசாரித்த பெஸ்பரோ ஆணையத்தில் உறுப்பினராக உட்கார்ந்து, குத்தகைக்காரர்களுக்குச் சாதகமான பெரும்பான்மை முடிவோடு ஒத்துப்போகாமல் தனியாக எழுதிக்கொடுத்தார். அப்புறம் குத்தகைக்காரர்களை வெளியேற்றியதால் ஊர் ஒதுக்கிவைத்த நிலங்களை எடுத்துப் பயிர்செய்ய ஜமீன்தார்கள் சேர்ந்து ஒரு நிறுவனம் ஆரம்பித்தபோது, அதற்கு முன்னால் நின்றவரும் இவர்தான். 1889 கிறிஸ்துமஸ் அன்று லண்டனில் நிமோனியாவில் இறந்தார். வேடிக்கை என்னவென்றால் அவர் மகன் வால்டர் 1908-இல் அதே கார்லோவில் எம்.பி. ஆனார், அப்பாவைத் தோற்கடித்த சுயாட்சிக்காரர்கள் பக்கம் நின்று.

உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு இவரைக் காட்டுவதென்றால் மொத்தமாகக் காட்டுங்கள். பண்ணைப் பெண்கள், 30 ஷில்லிங், வேலைக்காரரின் முதுகு, தேர்தல் தோல்வி எல்லாம் சேர்த்து. குதிரை மேல் உட்கார்ந்த படத்தை மட்டும் காட்டினால் அந்தப் பிள்ளைக்குக் குதிரை எங்கே என்றுதான் தோன்றும். என் மகள் கேட்டதும் அதுதான்: "அவருக்கு சீட் பெல்ட் வச்ச குதிரை வாங்கிக் கொடுத்தாங்க, உனக்கு ஏன் அப்போ ஒரு கைப்பிடிகூட வைக்கலே?"

ராத்திரி வீட்டுக்கு வந்து கேலிப்பரைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது அம்மா கூப்பிட்டாள்.

"பாரிஸ் எப்படிடா இருந்துச்சு?"

"ஒரே மேடும்மா" என்றேன்.

"ஏறுனியா?"

"ஏறுனேன்."