ஒற்றை டிரைவர் ஸ்பீக்கர்களை வாங்கலாமா?

ஒரே டிரைவரை, அதாவது கூம்பு அசைந்து ஒலி எழுப்பும் ஒரே பாகத்தைக் கொண்ட ஹை-ஃபை ஸ்பீக்கர்கள் வழக்கமான இருவழி ஸ்பீக்கர்களைவிட மேலானவையா என்று கேட்டிருக்கிறீர்கள். சிறிய அறையில் குரலிசையையும் சில கருவிகளே ஒலிக்கும் கச்சேரிகளையும் மிதமான ஒலியளவில் கேட்பவருக்கு அவற்றைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். முழு ஆர்க்கெஸ்ட்ராவை உரக்கக் கேட்பவருக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.

இருவழி ஸ்பீக்கரில் கீழ் ஒலிகளுக்கான வூஃபரும் மேல் ஒலிகளுக்கான ட்வீட்டரும் பெரும்பாலும் 2,000 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் வேலையைப் பிரித்துக்கொள்கின்றன. நம் செவியின் கூர்மை மிகுந்த பகுதியும் அதை ஒட்டியதுதான். ஒற்றை டிரைவரில் இந்தப் பிரிப்பு இல்லாமல் எல்லாமே ஒரே இடத்திலிருந்து வருவதால், மிக அருகில் அமர்ந்து கேட்டாலும் பாடுபவரின் குரல் சிதறாமல் நிற்கிறது.

இதற்குக் கொடுக்கும் விலை சிறியதல்ல. அதே ஒலியளவில் ஒரு ஸ்தாயி கீழே இறங்கினால் கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைந்தாக வேண்டும். அப்படி அசையும் கூம்பே உச்ச ஒலிகளையும் சுமப்பதால் அவை கலங்குகின்றன. மேலும், 10,000 ஹெர்ட்ஸில் அலைநீளம் 3.4 சென்டிமீட்டர்தான் என்பதால், 8 அங்குலக் கூம்பு உச்ச ஒலியை டார்ச் வெளிச்சம்போல நேரே மட்டும் வீசுகிறது. சற்று விலகி உட்கார்ந்தவருக்கு அது மங்கிவிடும். லௌதர் நிறுவனத்தின் டிரைவர்கள் போன்றவற்றின் நடுவில் காணப்படும் சிறு கூம்பு மேல் ஒலிகளுக்காகவே வைக்கப்பட்டது. அது இயந்திர வடிவிலான ஒரு கிராஸ்ஓவர் (மேல், கீழ் ஒலிகளைப் பிரித்துத் தரும் அமைப்பு) என்பதால், 'கிராஸ்ஓவரே இல்லை' என்ற விளம்பரத்தைப் பாதி உண்மையாகவே எடுத்துக்கொள்கிறேன்.

ஆம்ப்ளிஃபையரில் 300பி என்ற ஒரு வால்வு தரும் ஏறத்தாழ 8 வாட்டிலேயே இவற்றை இயக்கலாம் என்ற பெருமையும், குறைந்த வாட்டிலேயே உரக்க ஒலிக்கும் உணர்திறன் மிகுந்த டிரைவர்களுக்கே பொருந்தும். 3, 4 அங்குல டிரைவர்கள் பலவற்றுக்கு அது போதாது.

என் தேர்வு, 3 அல்லது 4 அங்குல டிரைவருக்குத் துணையாக ஒரு வூஃபரை வைத்து, 250 ஹெர்ட்ஸ் அளவில் பிரிப்பது. அங்கே அலைநீளம் ஒரு மீட்டரைத் தாண்டுவதால், அடுத்தடுத்து வைத்த இரண்டும் ஒன்றாகவே ஒலிக்கும். ஒற்றை டிரைவர் பற்றாளர்கள் இதை ஏற்க மாட்டார்கள்.

வாங்கும் முன், நன்கு பழகிய வயலின் பதிவு ஒன்றைக் கொஞ்சம் உரக்க ஒலிக்கவிட்டுக் கேளுங்கள். மேல் ஸ்தாயியில் காது கூசினால், பல மணி நேரம் ஓடினால் சரியாகிவிடும் என்று விற்பவர் சொல்வதை நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.