பட்டறை பதில்கள்: குரோம் மேல் கறுப்பு

கேள்வி: அப்பா ஓட்டிய 1993 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100 என்னிடம் இருக்கிறது. இரண்டு மட்கார்டிலும் குரோம் புள்ளி புள்ளியாகத் துருப்பிடித்துவிட்டது. திரும்பக் குரோம் போட செலவு கட்டுப்படியாகாது என்று ஊரிலேயே ஒருவரிடம் கறுப்பு பெயிண்ட் அடித்தேன். ஒரு மழைக்காலம் தாங்கவில்லை. நகத்தால் நெம்பினால் தோலாக உரிந்து வருகிறது, அடியில் குரோம் பளபளவென்று இருக்கிறது. பெயிண்ட் மட்டமா?
— ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: பெயிண்ட் மேல் பழி போடாதீர்கள். அடியில் பளபளக்கிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அங்கே தேய்க்கும் எமரித் தாளே படவில்லை என்று அர்த்தம்.

மட்கார்டு இரும்பு. அதன் மேல் நிக்கல், அதற்கும் மேல் குரோம். நிக்கலாவது பத்து, இருபது மைக்ரான் இருக்கும். குரோம் அரை மைக்ரான் இருந்தாலே பெரிய விஷயம். அந்த மெல்லிசுக்குள் அவ்வளவு கெட்டி, அவ்வளவு வழவழப்பு. பெயிண்டுக்குப் பிடிமானமே கிடைக்காது. துருப்புள்ளி தெரிகிறதென்றால் அந்த இடத்தில் இரண்டு பூச்சும் ஓட்டையாகி, இரும்பே வெளியே எட்டிப் பார்க்கிறது.

மட்கார்டைக் கழற்றுங்கள். வண்டியில் வைத்தபடியே அடிப்பவரிடம் கொடுக்காதீர்கள். உள்பக்கமும் மடிப்பும் அப்படியே நின்றுவிடும், துரு அங்கிருந்துதான் கிளம்பும். சோப்புத் தண்ணீரில் கழுவி, தின்னர் நனைத்த வெள்ளைத் துணியால் துடைத்து, ஈரம் காயும் முன் வேறு துணியால் ஒற்றி எடுங்கள். எமரி போடுவதற்கு முன்பே இது முடிந்திருக்க வேண்டும். பல வருஷம் போட்ட பாலிஷ் அதில் ஊறிக் கிடக்கும். துடைக்காமல் தேய்த்தால் அந்த மெழுகையே கீறலுக்குள் திணிக்கிறீர்கள். அப்புறம் பெயிண்ட் அடித்ததும் சின்னச் சின்னக் குழியாக விலகும்.

அடுத்து பிளேடு முனையால் துருவைச் சுற்றிக் கிளறிப் பாருங்கள். பூச்சு செதிலாகத் தூக்கிக்கொண்டு வந்தால் எமரியோடு மல்லுக்கட்ட வேண்டாம், சாண்ட் பிளாஸ்டிங்கிற்கு (மணலைப் பீய்ச்சிச் சுரண்டுவது) அனுப்பி இரும்பு வரை எடுத்துவிடுங்கள். பாத்ரூம் கழுவும் ஆசிட்டில் ஊறப் போடும் யோசனை வந்தால் விட்டுவிடுங்கள். அதன் புகை ஆளுக்கும் கெடுதல், பக்கத்தில் இருக்கும் ஸ்பேனர் எல்லாம் துருப்பிடிக்கும்.

பூச்சு கெட்டியாக இருந்தால் 180 நம்பர் வாட்டர் பேப்பர் (தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் எமரித் தாள்), பிறகு 320. தண்ணீர் விட்டே தேயுங்கள். நிக்கல் தூசி மூக்கில் ஏறக்கூடாது. பூச்சு முடிந்து இரும்பு தொடங்கும் இடத்தில் கண்ணை மூடித் தடவினால் விரலுக்கு மேடு தட்டக்கூடாது. வெயிலில் சாய்த்துப் பாருங்கள், எங்கேயாவது மின்னினால் வேலை பாக்கி. போல்ட் ஓட்டையைச் சுற்றியும் ஓர மடிப்பிலும்தான் எல்லாரும் ஏமாற்றுவார்கள்; உரியத் தொடங்குவதும் அங்கேதான்.

தேய்த்தபின் நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். ஏடாகப் பரவினால் சுத்தம். வாழையிலைத் தண்ணீர் போல முத்து முத்தாக உருண்டால் எண்ணெய் இன்னும் இருக்கிறது, திரும்பவும் தின்னர்.

காய்ந்ததும் அன்றைக்கே பிரைமர் அடிக்க வேண்டும், ஒரு ராத்திரி விட்டால் வெறும் இரும்பில் மறுபடி துரு பூக்கும். ஹார்ட்னர் (பெயிண்டை இறுக வைக்கும் திரவம்) கலக்கும் எபாக்ஸி பிரைமர்தான் இதற்குச் சரி. கலவை விகிதம் டப்பாவில் இருப்பதுதான், கண் அளவு வேண்டாம். சிலர் வாஷ் பிரைமர் போதும் என்பார்கள். அதிலுள்ள ஆசிட் இரும்பையும் அலுமினியத்தையும் கடிக்கும், குரோமிடம் அதன் பாச்சா பலிக்காது. குழிக்குப் பட்டி வைப்பதும் எபாக்ஸி மேலேதான். நேரே குரோமில் வைத்த பட்டி வில்லையாக விழும். அதன் பிறகு 400 போட்டுத் தேய்த்து, மெல்லிசாக இரண்டு மூன்று கோட் பியூ (பாலியூரித்தேன்) பெயிண்ட். பியூ பெயிண்டில் கலக்கும் ஹார்ட்னர் நுரையீரலுக்கு ஆகாது. கைக்குட்டை கட்டினால் போதாது, கார்ட்ரிட்ஜ் மாஸ்க் வேண்டும்.

கேள்வி: அதே பெயிண்டை சைலன்சருக்கும் அடிக்கலாமா?
— வாசகி, காரைக்குடி

பதில்: பொசுங்கிவிடும், எபாக்ஸி பிரைமரும் சேர்த்து. 600 டிகிரி தாங்கும் என்று போட்டிருக்கும் சிலிக்கான் பெயிண்ட் வாங்குங்கள். குரோமைத் தேய்த்து மங்கலாக்கும் வேலையில் மட்டும் சலுகை கிடையாது. சிலிக்கான் பெயிண்ட் வெறும் காற்றில் முழுசாக இறுகாது. டப்பாவில் சொன்னபடி இன்ஜினை விட்டு விட்டு ஓட்டிச் சூடேற்ற வேண்டும். முதல் தடவை புகையும், பயப்படாதீர்கள்.

கேள்வி: முன் ஃபோர்க் பைப்பிலும் துரு. அதற்கும் கறுப்பு?
— ஒரு வாசகர், ஓசூர்

பதில்: கூடவே கூடாது. அது அழகுக்குப் போட்ட குரோம் அல்ல, ஆயில் சீல் (எண்ணெய் ஒழுகாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) உரசி ஏறி இறங்குவதற்குப் போட்ட ஹார்ட் குரோம். பெயிண்ட் அடித்தால் சீல் அதைச் சுரண்டும், ஆயில் ஒழுகும். சீல் எட்டாத மேல் பகுதியில் துரு என்றால் தேய்த்துவிட்டு ஓட்டலாம். சீல் ஓடும் இடத்தில் குழி விழுந்திருந்தால் பைப்பைத் திரும்ப ஹார்ட் குரோம் போட்டு கிரைண்டிங் செய்யுங்கள், இல்லையென்றால் புது பைப். சீலை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டால் ஸ்பேர் கடைக்காரருக்குத்தான் லாபம்.