ஸ்லாஷ் போட்டால் போதுமா?

படிப்புக்கும் எழுத்துக்கும் ஏ.ஐ. சாட்பாட்டைப் பயன்படுத்துவது பற்றி டில்லி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த முறை பதில் தருகிறோம்.

கேள்வி: ‘சாட்ஜிபிடியின் 100 ரகசியக் கட்டளைகள்’ என்று ஒரு பி.டி.எஃப். வாட்ஸ்அப்பில் வந்தது. ஸ்லாஷ் (/) போட்டு ஈ.எல்.ஐ.5, டி.எல்.டி.ஆர். என்றெல்லாம் அடித்தால் போதுமாம். சில வேலை செய்கின்றன, சில செய்வதில்லை. ஸ்லாஷுக்குப் பிறகு இடம் விட வேண்டுமா?
– கல்லூரி மாணவர், கரோல் பாக்

பதில்: இடம் விட்டாலும் ஒன்றுதான், விடாவிட்டாலும் ஒன்றுதான். ஸ்லாஷையே எடுத்துவிட்டாலும் பெரும்பாலும் அதே பதில்தான் வரும். சில ஆப்களில் ஸ்லாஷ் அடித்ததும் ஒரு சின்னப் பட்டியல் மேலே விரியும். அதில் இருப்பவை மட்டுமே அந்த ஆப்பின் நிஜக் கட்டளைகள். மற்றதெல்லாம் சாதாரண எழுத்து.

பிறகு எப்படிச் சில வேலை செய்கின்றன? ஈ.எல்.ஐ.5 என்பது ‘எனக்கு ஐந்து வயது என்று வைத்துக்கொண்டு விளக்கு’ என்ற ஆங்கில வாக்கியத்தின் சுருக்கம். ரெடிட் தளத்தில் 2011 முதல் அந்தப் பெயரிலேயே ஒரு பகுதி ஓடுகிறது. டி.எல்.டி.ஆர். என்றால் ‘ரொம்ப நீளம், படிக்கவில்லை’. இணையத்தில் எண்ணற்ற பேர் இந்த எழுத்துகளைப் போட்டு, பக்கத்திலேயே எளிய விளக்கத்தையோ சுருக்கத்தையோ எழுதியிருக்கிறார்கள். அவற்றைப் படித்துப் பழகியதால் சாட்பாட்டுக்குப் பொருள் தெரிகிறது. பி.டி.எஃப். தயாரித்தவர் தன் இஷ்டத்துக்கு உண்டாக்கிய சுருக்கத்தை அது எங்கும் பார்த்ததில்லை. பெயரை வைத்து ஊகிக்கும். ஊகிக்கிறேன் என்று சொல்லவும் சொல்லாது. அங்கேதான் சிக்கல்.

சந்தேகமான சுருக்கத்தைச் சோதிக்க இரண்டு நிமிடம் போதும். புது சாட் திறந்து, பாடம் எதுவும் ஒட்டாமல், ‘இந்தச் சுருக்கத்தைப் போட்டால் நீ என்ன செய்வாய்?’ என்று மட்டும் கேளுங்கள். மூன்று புதிய சாட்களில் இதைச் செய்யுங்கள். மூன்று பதிலும் ஒத்துப்போனால் வைத்துக்கொள்ளலாம். ஒன்றுக்கொன்று மாறினால் அழித்துவிடுங்கள். நூறில் ஏழெட்டு தேறினால் அதிகம்.

ஒரு காலத்தில் டைப்பிங்கும் ஷார்ட்ஹேண்டும் கற்றுக்கொண்டு டில்லிக்கு ரயிலேறிய தமிழர்களுக்கு இது புதிதல்ல. 1837-இல் வெளிவந்த பிட்மன் ஷார்ட்ஹேண்ட் முறையில் வேகத்துக்காக உயிரொலிகளைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். நோட்டில் போட்ட கோடுகளைப் பார்த்து ஸ்டெனோ சரியான சொல்லைத் திரும்பப் பெற்றது சந்தர்ப்பத்தை வைத்துத்தான். சந்தர்ப்பம் தெரியாதவர் கையில் அதே நோட்டுப்புத்தகம் வெறும் கிறுக்கல்.

கேள்வி: மகள் பத்தாம் வகுப்பு, சி.பி.எஸ்.இ. அறிவியல் முழுவதையும் ஈ.எல்.ஐ.5 போட்டே படிக்கிறாள். நன்றாகப் புரிகிறது என்கிறாள். வகுப்புத் தேர்வில் மட்டும் மதிப்பெண் குறைகிறது. என்ன காரணம்?
– வாசகி, மயூர் விஹார்

பதில்: ஐந்து வயதுக் குழந்தைக்குச் சொல்லும்போது முதலில் உதிர்வது நிபந்தனைகள். தேர்வில் மதிப்பெண் இருப்பது பெரும்பாலும் அங்கேதான்.

மின்னழுத்தம் கூடினால் கம்பியில் மின்னோட்டமும் அதே விகிதத்தில் கூடும் என்னும் ஓம் விதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஈ.எல்.ஐ.5 போட்டால் தண்ணீர்க் குழாய் உவமைதான் அநேகமாக வரும்: அழுத்தம் கூடினால் தண்ணீர் வேகமாக ஓடும், குழாய் ஒல்லியானால் ஓட்டம் குறையும். உவமை நல்லதுதான். ஆனால் என்.சி.இ.ஆர்.டி. பாடநூல் வரையறையில் ‘வெப்பநிலை மாறாதிருக்கும்போது’ என்று ஒரு நிபந்தனை உண்டு. குழாய்க் கதையில் அதற்கு இடமே இல்லை. உங்கள் மகள் கதையைப் புரிந்துகொண்டு, நிபந்தனையை விட்டுவிட்டு எழுதுகிறாள். இன்னொன்று, குழாயை நடுவில் வெட்டினால் தண்ணீர் கொட்டும். கம்பியை வெட்டினால் மின்னோட்டம் நின்றுபோகும். உவமையை மட்டும் பிடித்துக்கொண்ட பிள்ளை, திறந்த சுற்றைப் பற்றிக் கேட்டால் தடுமாறும்.

சுருக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டு, கூடவே இதை ஒட்டச் சொல்லுங்கள்:

‘பத்தாம் வகுப்பு சி.பி.எஸ்.இ. அளவில். முதலில் உவமை, நான்கு வரிக்குள். அடுத்து, நான் கீழே ஒட்டியிருக்கும் பாடநூல் வரையறையில் உள்ள ஒவ்வொரு நிபந்தனையும் ஏன் இருக்கிறது என்று சொல். கடைசியாக, உவமை எந்த இரண்டு இடத்தில் பொருந்தாது என்று சொல்.’

வரையறையைப் புத்தகத்திலிருந்து அவளே தட்டச்சு செய்து ஒட்ட வேண்டும். சாட்பாட்டையே கேட்டால் வேறு பாடநூலின் வாசகத்தைக் கலந்துவிடக்கூடும். தட்டச்சு செய்யும்போதே பாதி மனப்பாடமாகிவிடும் என்பது கொசுறு லாபம்.

கேள்வி: யு.பி.எஸ்.சி. மெயின்ஸ் தமிழில் எழுதுகிறேன். எனக்கென்று சில சுருக்கக் கட்டளைகள் சொல்லிக்கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் மறந்துவிடுகிறது. 150 சொல் கேட்டால் 220 தருகிறது. திடீரென்று ஆங்கிலத்துக்குத் தாவுகிறது. சரியான முறை என்ன?
– தேர்வர், பழைய ராஜிந்தர் நகர்

பதில்: மூன்றுக்கும் காரணம் வேறு வேறு.

மறதி முதலில். ஓர் உரையாடலில் சாட்பாட் கவனத்தில் வைத்துக்கொள்ளும் எழுத்துக்கு ஓர் அளவு உண்டு. எழுத்தை அது டோக்கன் எனும் துண்டுகளாக உடைத்துத்தான் படிக்கிறது. அதே செய்தி தமிழில் ஆங்கிலத்தைவிட அதிகத் துண்டுகளாகும். ஆகவே தமிழில் நீளும் உரையாடலில் ஆரம்பத்தில் நீங்கள் சொன்ன விளக்கம் சீக்கிரம் பிடியைவிட்டு நழுவும். புது சாட் திறந்தால் அது அங்கே இருக்கும் என்ற நிச்சயமும் இல்லை. கட்டளை விளக்கங்களை ஆப்பின் செட்டிங்ஸில் ‘கஸ்டம் இன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ்’ பகுதியில் போட்டு வையுங்கள். அந்த வசதி இல்லாத ஆப் என்றால், வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பி, மேலேயே நிற்கும்படி ‘பின்’ செய்துவைத்து, ஒவ்வொரு சாட்டின் தலையிலும் ஒட்டுங்கள். நீண்ட அமர்வென்றால் பத்துக் கேள்விக்கு ஒருமுறை திரும்ப ஒட்டுவது நல்லது.

கட்டளைக்குப் பெயர் வைப்பதில் ஒரு பொதுவான தவறு: ‘கேள்’, ‘சுருக்கு’ என்று வெறும் சொல்லை வைப்பது. அதே சொல் உங்கள் பாடத்திலும் வரும், அங்கேயும் கட்டளையாக எடுத்துக்கொள்ளும். முன்னால் ஒரு ஹாஷ் குறி போடுங்கள். மெயின்ஸுக்கு மூன்று போதும்.

#கேள் – ‘நான் ஒட்டும் பாடத்திலிருந்து ஐந்து கேள்வி, ஒவ்வொன்றாகக் கேள். நான் பதில் சொல்லும்வரை அடுத்ததற்குப் போகாதே. தவறென்றால் விடையைச் சொல்லாதே, ஒரு குறிப்பு மட்டும் கொடு. இரண்டாம் முறையும் தவறினால் விடை சொல்.’ ‘போகாதே’ என்ற வரியை விட்டால் ஐந்து கேள்வியையும் விடையோடு ஒரேயடியாகக் கொட்டிவிடும்.

#திருத்து – ‘என் விடையை மாற்றி எழுதாதே. பிழையுள்ள தொடரை மட்டும் எடுத்துக் காட்டி, ஒரு வரியில் காரணம் சொல்.’ மாற்றி எழுதக்கூடாது என்பதை முதலில் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அழகான புது விடை ஒன்று வரும், உங்கள் கை ஒன்றும் கற்றிருக்காது.

#சுருக்கு – கட்டாய இந்திய மொழித் தாளுக்கு. 300 மதிப்பெண்ணில் 25 சதவீதம் எடுத்தால் போதும், தரவரிசையில் சேராது. ஆனால் எடுக்காவிட்டால் மற்ற தாள்களின் மதிப்பெண்ணைக் கணக்கில் எடுக்கவே மாட்டார்கள். அதில் பத்தியை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கும் கேள்வி உண்டு. முதலில் நீங்களே சுருக்கிவிட்டு, பிறகு மூலத்தையும் உங்கள் சுருக்கத்தையும் ‘மூலம்’, ‘என்னுடையது’ என்று தலைப்பிட்டு ஒட்டுங்கள். ‘மூலத்தில் இல்லாதது என்னுடையதில் எங்கே வருகிறது? மூலத்தின் எந்தக் கருத்து விடுபட்டது? வரியோடு காட்டு’ என்று கேளுங்கள். சாட்பாட்டையே சுருக்கச் சொன்னால் முதல் பத்தியை விரிவாக எடுத்துக்கொண்டு கடைசிப் பத்தியை ஒரு வரியில் முடித்துவிடுவது அதன் பழக்கம்.

சொல் கணக்கு: சாட்பாட் சொற்களை எண்ணி எழுதுவதில்லை, துண்டு துண்டாக எழுதிக்கொண்டே போகிறது. ‘இதில் 150 சொற்கள் உள்ளன’ என்று அது போடும் வரியை நம்பவே நம்பாதீர்கள். 10 மதிப்பெண் கேள்விக்குச் சொல் எண்ணிக்கைக்குப் பதிலாக வாக்கிய எண்ணிக்கை கொடுங்கள்: முன்னுரை 2, நடுப்பகுதி 9, முடிவு 2, வாக்கியத்துக்கு 10 முதல் 12 சொல். சுமார் 145-இல் வந்து நிற்கும். பிறகு கூகுள் டாக்ஸில் ஒட்டி எண்ணிப் பாருங்கள். அது இடைவெளியை வைத்து எண்ணும். ‘எழுதிக் கொண்டிருக்கிறார்’ இரண்டு, ‘எழுதிக்கொண்டிருக்கிறார்’ ஒன்று.

ஆங்கிலத்துக்குத் தாவுவதற்கு, பொது அறிவுத் தாள்களின் கேள்விகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே அச்சாவதுதான் காரணம். நீங்கள் ஆங்கிலக் கேள்வியை ஒட்டுகிறீர்கள், கடைசியாக வந்த மொழியில் அது பதில் தருகிறது. கேள்வியை ஒட்டிய பிறகு கடைசி வரியாக ‘விடை தமிழில்’ என்று போடுங்கள். முதல் வரியில் போட்டால் அவ்வளவு பிடிப்பதில்லை.

கேள்வி: குடியிருப்புச் சங்கத்துக்கு இந்தியில் புகார்க் கடிதம் எழுத வேண்டியிருக்கிறது. தமிழில் சொல்லி, ‘ஃபார்மல்’ என்று சுருக்கமாகப் போட்டு மாற்றுகிறேன். செயலாளர் படித்துவிட்டுச் சிரித்தார். எங்கே தப்பு?
– இல்லத்தரசி, ஆர்.கே. புரம்

பதில்: சிரிப்புக்குக் காரணம் பெரும்பாலும் வினைச்சொல்லாக இருக்கும். ‘நான் மூன்று முறை வந்தேன்’ என்று தமிழில் சொன்னால் சொல்பவர் ஆணா பெண்ணா என்று தெரியாது. இந்தியில் ‘ஆயா’, ‘ஆயீ’ என்று பிரிந்துவிடும். சொல்லாவிட்டால் சாட்பாட் உங்களை ஆணாக்கிவிடும். கட்டளையில் ‘எழுதுபவர் பெண், பெறுபவரை இந்தி மரியாதைச் சொல்லான ஆப் என்று அழைக்க வேண்டும்’ என்று நிரந்தரமாகச் சேர்த்துவிடுங்கள்.

அடுத்தது நாள். ‘நேற்று’, ‘நாளை’ இரண்டுக்கும் இந்தியில் ‘கல்’ என்ற ஒரே சொல்தான். வினையை வைத்துத்தான் பிரித்தறிய வேண்டும். இந்தி அரைகுறையாகத் தெரிந்தவர் சரிபார்க்கும்போது இது கண்ணில் படாது. ‘நேற்று மோட்டார் ஓடவில்லை’ என்று சொல்லாமல் தேதியையும் நேரத்தையும் எண்ணிலேயே கொடுங்கள்.

‘ஃபார்மல்’ என்ற ஒற்றைச் சொல்லை எடுத்துவிடலாம். அதைப் பார்த்தால் சர்க்கார் கெஜட் போலச் சமஸ்கிருதச் சொற்களை அடுக்கும். ‘அக்கம்பக்கத்தில் பேசும் இந்தி, மரியாதையாக, எட்டு வரிக்குள்’ என்பது மேல். வந்த கடிதத்தை வேறொரு புதிய சாட்டில் ஒட்டித் தமிழில் திருப்பச் சொல்லிப் பாருங்கள். அதே சாட்டில் கேட்டால், கடிதத்தில் இருப்பதற்குப் பதிலாக நீங்கள் முதலில் சொன்னதையே திருப்பிக் கொடுத்துவிட வாய்ப்புண்டு.

கேள்வி: ‘ஆதாரம் தா’ என்று ஒரு கட்டளை வைத்திருக்கிறேன். கொடுத்த புத்தகங்களில் இரண்டு எந்த நூலகத்திலும் இல்லை.
– ஆய்வு மாணவி, வடக்கு டில்லி

பதில்: அவை அநேகமாக உலகத்திலேயே இருக்காது. ஆசிரியர் பெயர், ஆண்டு, பதிப்பகம் என்று ஆதாரம் எப்படித் தோற்றமளிக்கும் என்பது அதற்குத் தெரியும், அந்த உருவத்தில் ஒன்றைச் செய்து கொடுத்துவிடும். இணையத் தேடலை இயக்கிவிட்டு, இணைப்போடு கேளுங்கள். இணைப்பைத் திறந்து, நீங்கள் மேற்கோள் காட்டப்போகும் வரி அந்தப் பக்கத்தில் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். இல்லையென்றால் ஆய்வேட்டில் சேர்க்காதீர்கள்.