கருவை குடிப்பது எந்தத் தண்ணீர்?

கேள்வி: எங்கள் கண்மாய்க்குள் சீமைக்கருவேல் அடர்ந்து கிடக்கிறது. ஆழத்துத் தண்ணீரை அதுதான் காலி பண்ணுகிறது என்கிறார் அப்பா. மேல்மண் ஈரமே அதற்குப் போதும் என்கிறார் சித்தப்பா. வேரைத் தோண்டாமல் இதைக் கண்டுபிடிக்க முடியுமா?
- ஒரு வாசகி, தொண்டி

பதில்: முடியும். பென்சில் கனத்தில் ஒரு குச்சி போதும்.

தண்ணீரில் உள்ள ஆக்சிஜன் அணுக்களில் ஆயிரத்துக்குச் சுமார் 2 மட்டும் கொஞ்சம் கனமானவை. ஆக்சிஜன்-18 என்று பெயர். ஹைட்ரஜனிலும் இப்படிக் கனமான ஒன்று உண்டு, அது டியூட்டீரியம். ஒரே தனிமத்தில் இப்படி எடை மட்டும் வேறுபடும் அணுக்களை ஐசோடோப்பு என்பார்கள். கனமான அணு உள்ள தண்ணீர் ஆவியாகச் சற்றுத் தயங்கும், அதனால் பங்குனி வெயிலில் வற்றுகிற கண்மாய்த் தண்ணீரிலும் மேல்மண் ஈரத்திலும் அதன் பங்கு கூடிக்கொண்டே போகும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மளமளவென்று கீழே இறங்கிவிட்ட தண்ணீருக்கு அந்த வெயில் படவில்லை, அதில் அந்தப் பங்கு அப்படிக் கூடுவதில்லை.

வேர் உறிஞ்சும்போது பெரும்பாலான மரங்களில் இந்த விகிதம் மாறுவதில்லை. இலைக்குப் போய் ஆவியாகும்போதுதான் மாறும். அதனால் பச்சைத் தளிரை விட்டுவிட்டு முற்றிய கிளையை வெட்டி, பட்டையை உரித்து, உடனே கண்ணாடிக் குழாயில் போட்டு இறுக்கி மூடுகிறார்கள். ஆய்வகத்தில் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுச் சூடுபடுத்தி, வருகிற ஆவியை உறைய வைத்துப் பிடிக்கிறார்கள். அந்தச் சில துளிகளின் விகிதத்தைக் கிணற்று நீர், கண்மாய் நீர், ஒவ்வொரு ஆழத்து மண்ணின் ஈரம் இவற்றோடு ஒப்பிட்டால் மரம் எங்கே குடித்தது என்று தெரிந்துவிடும்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் டாஸன், எலரிங்கர் என்ற இருவர் இப்படிப் பார்த்து 1991-ல் வெளியிட்டது இன்றும் எனக்கு வியப்பு. ஓடைக்கரையிலேயே நின்ற பெரிய மரங்கள் ஓடைத் தண்ணீரைத் தொடவே இல்லை, அடியாழத்து நீரைத்தான் குடித்திருந்தன! கருவையின் இனத்து மரம் ஒன்றின் வேர் அரிசோனாவில் சுரங்கம் தோண்டிய இடத்தில் 53 மீட்டர் ஆழத்தில் கிடைத்தது என்று அப்பா சொல்லக்கூடும், அது உண்மைதான். ஆனால் வேர் அங்கே இருப்பது வேறு, அங்கிருந்து குடிப்பது வேறு. மழைக்குப் பின் மார்கழியில் ஒருமுறை, ஆனியில் ஒருமுறை குச்சி எடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு மாதத்திலும் ஒரே பதில் வரவேண்டும் என்ற கட்டாயமில்லை, அப்பா, சித்தப்பா இரண்டு பேர் சொல்வதும் அவரவர் மாதத்தில் சரியாக இருக்கலாம்.

நம் கரைக்கு ஒரு எச்சரிக்கை. உப்பை வெளியே நிறுத்திவிட்டுத் தண்ணீரை மட்டும் உள்ளே விடும் அலையாத்தி மரங்களில், வேரிலேயே டியூட்டீரியத்தின் விகிதம் மாறிவிடுகிறது என்று 1993-ல் ஃப்ளோரிடாவில் கண்டார்கள். உவர் நிலத்திலும் வறண்ட நிலத்திலும் வளரும் வேறு சில மரங்களிலும் இதைப் பிறகு பார்த்திருக்கிறார்கள். காரங்காட்டு அலையாத்தியானாலும் உவர்மண்ணில் நிற்கும் உங்கள் கருவையானாலும் ஹைட்ரஜனை மட்டும் நம்பிவிடக் கூடாது, ஆக்சிஜனையும் சேர்த்து அளக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஐசோடோப்பு என்றாலே கதிர்வீச்சுதானே? வயலில் இதையெல்லாம் செய்யலாமா?
- ஒரு வாசகர், தேவிபட்டினம்

பதில்: பயமே வேண்டாம். இவை நிலையான ஐசோடோப்புகள், சிதையாது, கதிர் வீசாது. உங்கள் உடம்பில் உள்ள கார்பனிலேயே நூற்றுக்கு 1 பங்குக்குச் சற்று மேல் கார்பன்-13 தான்.

கேள்வி: தாத்தா காலமெல்லாம் கம்பு விதைத்த புஞ்சை, இருபது வருடமாகக் கருவைக்காடு. கருவை இலை விழுந்து மண்ணில் மக்கு கூடியிருக்கிறதா?
- ஒரு வாசகர், திருப்பாலைக்குடி

பதில்: கூடியதா என்பதை மொத்தக் கார்பனை அளந்து, பக்கத்தில் உழுதுகொண்டிருக்கும் புஞ்சையோடு ஒப்பிட்டுச் சொல்லலாம். அதில் எது கம்பு தந்தது, எது கருவை தந்தது என்று பிரிக்கத்தான் கார்பன்-13 வேண்டும். கம்பும் சோளமும் காற்றிலிருந்து கார்பனை எடுக்கும் வழி வேறு. நெல், மிளகாய், பருத்தி, கருவை இவற்றின் வழி வேறு. உலகம் முழுக்க ஒப்பிட வைத்திருக்கும் ஒரு பொது மாதிரியைவிடக் கார்பன்-13-இன் விகிதத்தை முதல் கூட்டம் ஆயிரத்துக்குச் சுமார் 13 குறைவாகவும், இரண்டாவது கூட்டம் சுமார் 27 குறைவாகவும் காட்டும். உங்கள் மண்ணின் மக்கு 20 குறைவு என்று காட்டினால், பாதி தாத்தாவின் கம்பு, பாதி கருவை இலை என்று ஏறக்குறையச் சொல்லலாம். இருபது வருடத்துக்குப் பிறகும் அந்தக் கம்பு மண்ணில் இருக்கிறது என்பதே எனக்குப் பெரிய செய்தி. ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: கடலோர மண்ணில் கிளிஞ்சல் தூள் கலந்திருக்கும், அதன் கார்பன் கடலிலிருந்து வந்தது, கணக்கைக் கெடுத்துவிடும். நீர்த்த அமிலம் விட்டு, நுரைப்பது அடங்கும்வரை வைத்திருந்து, கழுவிக் காயவைத்த பிறகே அளக்க வேண்டும்.