நானோ மருந்து கேட்டு வாங்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், வயது 56. வேலூரில் இரண்டு சைக்கிள் கீமோ முடிந்திருக்கிறது. புற்றுச் செல்லில் மட்டும் திறந்துகொள்ளும் நானோ மருந்து வந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். கேட்டு வாங்கலாமா? சத்துக்காக ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரையும் தினமும் கொடுக்கிறேன்.
- வாசகி, குடியாத்தம்

பதில்: முதலில் அந்த மாத்திரையை நிறுத்திவிட்டு, பாட்டிலோடு கீமோ டாக்டரிடம் காட்டுங்கள். காரணம் நீங்கள் கேட்ட கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

புற்றுச் செல்கள் ஓயாமல் பெருகுவதால் ஹைட்ரஜன் பெராக்சைடு போன்றவை அவற்றில் அளவுக்கு மீறிச் சேர்கின்றன. இதுதான் ஆக்சிஜனேற்ற அழுத்தம். சிவப்பாக ஏறுமே, அந்த டாக்ஸோரூபிசின் என்ற கீமோ மருந்தும் கதிர்வீச்சும் ஓரளவுக்கு இந்த அழுத்தத்தை மேலும் ஏற்றித்தான் செல்லைக் கொல்கின்றன. இந்த அழுத்தத்தைத் தணிக்கும் வைட்டமின் சி, இ போன்ற ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரைகளை அதிக அளவில் கொடுத்தால் அந்த வேலை கெடக்கூடும். நெல்லிக்காய், கொய்யா, கீரை எல்லாம் சாப்பாட்டு அளவில் தாராளமாகக் கொடுங்கள். நன்றாகக் கழுவினால் போதும்.

நானோ துகளும் இதே பெராக்சைடை நம்பித்தான் செய்யப்படுகிறது. சுமார் 10 முதல் 200 நானோமீட்டர் அளவுள்ள உறைக்குள் மருந்து இருக்கும். உறையைப் பிடித்திருக்கும் தயோகீட்டால், போரானிக் எஸ்டர் என்ற வேதிக் கண்ணிகள் பெராக்சைடு பட்டால் அறுந்து, மருந்து வெளியே வரும். நோயைக் கண்டறியவும் இதே வழிதான்: மாங்கனீசு டைஆக்சைடு துகள் பெராக்சைடும் அமிலமும் உள்ள இடத்தில் கரைந்து, எம்ஆர்ஐ படத்தில் அந்த இடத்தைப் பளிச்சென்று காட்டும்.

அழகான யோசனை. ஆனால் ஆறாத புண்ணிலும், கிருமித்தொற்றிலும், வாத மூட்டிலும் வெள்ளை அணுக்கள் பெராக்சைடு சுரக்கின்றன. உறை அங்கேயும் திறக்கலாம். ஒரே கட்டிக்குள்ளும் அதன் அளவு இடத்துக்கு இடம் மாறும். பெரிய தடை, துகள்களை வழியிலேயே பிடித்துக்கொள்ளும் கல்லீரலும் மண்ணீரலும்தான். பத்தாண்டு விலங்கு ஆய்வுகளைத் தொகுத்து 2016-ல் போட்ட கணக்கில், செலுத்திய துகளில் கட்டியை அடைந்தது நடுமதிப்பாக 0.7 சதவீதம். பெராக்சைடால் திறக்கும் மருந்து இன்னும் ஆய்வில்தான் இருக்கிறது. 'நானோ' என்று பெயர் போட்டு யாராவது பொடியோ கேப்சூலோ விற்றால் வாங்காதீர்கள்.

புழக்கத்தில் இருக்கும் நானோ மருந்துகள் வேறு வகை. அமெரிக்காவில் லிப்போசோமல் (நுண்ணிய கொழுப்பு உறைக்குள் அடைத்த) டாக்ஸோரூபிசினுக்கு 1995-லும், ஆல்புமின் என்ற புரதத்தில் கட்டிய பாக்லிடாக்சல் என்ற கீமோ மருந்துக்கு 2005-லும் அனுமதி கிடைத்தது. பின்னதைப் பரவிய மார்பகப் புற்றுக்கு உடல்பரப்பில் சதுர மீட்டருக்கு 260 மில்லிகிராம் வீதம், மூன்று வாரத்துக்கு ஒருமுறை, 30 நிமிடத்தில் ஏற்றுவார்கள். சாதாரண பாக்லிடாக்சலில் இருக்கும் ஆமணக்கு எண்ணெய் சார்ந்த கரைப்பான் இதில் இல்லாததால் ஒவ்வாமை குறைவு. கைகால் மரத்துப்போவது கூடுதல். கிருமியை எதிர்க்கும் நியூட்ரோபில் என்ற வெள்ளை அணு 1500-க்குக் கீழே போனால் தள்ளிவைப்பார்கள். அம்மாவுக்கு இது தேவையா என்பதை நோயின் நிலை பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும். அதற்காக நடக்கிற கீமோவை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

'ட்ரையலில் சேர்க்கிறோம்' என்று யாராவது சொன்னால் சிடிஆர்ஐ (இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு) பதிவு எண்ணையும் தமிழில் ஒப்புதல் படிவத்தையும் கேளுங்கள். ஆய்வு மருந்துக்குப் பணம் கேட்டால் விலகிவிடுங்கள்.

இன்னொன்று. கீமோ ஏறிய 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளை அணுக்கள் மிகவும் குறையும். அப்போது காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், பாராசிட்டமால் கொடுத்து விடியும்வரை பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம். நடு இரவானாலும் கீமோ பைலை எடுத்துக்கொண்டு 108-ஐக் கூப்பிட்டு, சிகிச்சை பெறும் மருத்துவமனைக்கோ அடுக்கம்பாறை அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்கோ கிளம்பிவிடுங்கள்.